ஹவுஸ் முதல் ஜமாப் வரை: ஆட்ட இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் கல்யாண மண்டபங்களிலும் கல்லூரி விழாக்களிலும் பாட்டுப் போடுவது என் தொழில். செட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் தம்பிகளும் தங்கச்சிகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சத்தத்துக்கு நடுவில் அவர்களுக்கு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நம் ஊர் நோம்பி (கோயில் திருவிழா) மேளமான ஜமாப்பும் இதில் வரும். அதைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு ஆட்ட இசையைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை.

ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் எல்லாமே ஒரே ‘டும் டும்’ ஆகத்தான் கேட்கிறது. எப்படிப் பிரித்துச் சொல்வது?

உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. மூன்றிலும் கிக் டிரம் (‘டும்’ என்று கனமாக விழும் பெரிய டிரம்) ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எல்லா எண்ணிக்கையிலும் ஒரே மாதிரி விழும். அதனால் கிக்கை விட்டுவிட்டு, இரண்டு கிக்குக்கு இடையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

ஹவுஸில் அந்த இடைவெளியில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு ‘ட்ஸ்’ என்று திறந்து மூடும். இரண்டிலும் நாலிலும் கைதட்டல் வரும். மேலே பியானோ இருக்கும், யாராவது மனசுவிட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். டெக்னோவில் பாட்டு அநேகமாக இருக்காது. ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வந்து, நாம் கவனிக்காத நேரத்தில் மெள்ள மாறியிருக்கும். டிரான்ஸில் மெட்டுக்குத்தான் முதல் மரியாதை. பாதியில் கிக் நின்றுவிடும், மெட்டு மட்டும் எழும்பிக்கொண்டே போகும், கூட்டம் கையைத் தூக்கும், அப்புறம் கிக் மறுபடி விழும்.

கிக் எல்லா எண்ணிக்கையிலும் விழாமல் தாவித் தாவி விழுந்தால் அது வேறு குடும்பம். ஹிப்ஹாப், ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் எல்லாம் அந்தப் பக்கம். முதலில் இந்த இரண்டு குடும்பத்தையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் மீதி தானாக வரும்.

பிபிஎம் என்பது என்ன? வேகத்தை வைத்து வகையைச் சொல்லிவிடலாமா?

ஒரு நிமிஷத்தில் எத்தனை அடி விழுகிறது என்ற கணக்கு. 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்கினால் போதும். ஹவுஸ் ஏறத்தாழ 118 முதல் 130, டிரான்ஸ் 130 முதல் 145, டிரம் அண்ட் பேஸ் 160 முதல் 180. டெக்னோ 120இலும் ஓடும், 150இலும் ஓடும்.

ஆனால் வேகம் ஒரு துப்பு மட்டும்தான். டப்ஸ்டெப் 140இல் ஓடுகிறது. ஸ்நேர் (சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) மூன்றாவது எண்ணிக்கையில் மட்டும் விழுவதால் உடம்புக்கு அது 70 போலத் தோன்றும். அதே 140இல் ஓடும் டிரான்ஸுக்கு நீங்கள் குதிப்பீர்கள். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். வகையைத் தீர்மானிப்பது அடி எங்கே விழுகிறது என்பதும், அதை யார், எதற்காக ஆடினார்கள் என்பதும்தான்.

ஹவுஸ் எங்கே பிறந்தது?

அமெரிக்காவின் சிகாகோவில். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1970களில் நியூயார்க்கிலும் மற்ற நகரங்களிலும் டிஸ்கோ வளர்ந்தது. அதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள். வெளியே தலைநிமிர்ந்து நடக்க முடியாதவர்கள் ராத்திரியில் சேர்ந்து ஆட ஓர் இடம் கிடைத்தது. 1977இல் டோனா சம்மர் பாட, ஜார்ஜோ மொரோடரும் பீட் பெல்லாட்டும் சேர்ந்து ஒரு பாட்டு செய்தார்கள். அதில் கிக் டிரம்மைத் தவிர ஏறக்குறைய எல்லாமே சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி. கருவியே ஆட்டத்தை நடத்தலாம் என்பதை உலகம் அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

டிஸ்கோவுக்கு எதிர்ப்பும் பெரிதாக இருந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு இடையில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அதகளம் செய்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று எரிந்தது இசைத்தட்டு மட்டும் அல்ல, அதை ஆடியவர்கள்மீது இருந்த வெறுப்பும் சேர்ந்துதான் எரிந்தது என்று அந்தக் காலத்தைப் பார்த்த பலர் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே சிகாகோவில் 1977 முதல் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஹவுஸ் என்ற பெயரும் அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்ததுதான் என்பார்கள். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்ட பிறகும் அவர் கைவிடவில்லை. பழைய பாட்டுகளின் ஆடத் தோதான பகுதிகளை வெட்டி நீட்டினார், அடியில் டிரம் மெஷினை ஓடவிட்டார். ரோலண்ட் கம்பெனியின் 808 வந்தது 1980இல், 909 வந்தது 1983இல். செகண்ட் ஹேண்டில் கிடைத்த இந்த மெஷின்களை வைத்துச் சிகாகோ பையன்கள் வீட்டு அறையிலேயே பாட்டு செய்ய ஆரம்பித்தார்கள். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட தட்டைத்தான் பலரும் முதல் ஹவுஸ் தட்டு என்கிறார்கள்.

ஸ்டுடியோ, ஆர்க்கெஸ்ட்ரா, பெரிய முதலீடு எதுவும் இல்லாமல் ஒரு வகை இசை பிறந்தது. அதுதான் எனக்கு ஹவுஸில் ரொம்பப் பிடித்தது.

அப்படியென்றால் டெக்னோ?

டெட்ராய்ட். சிகாகோவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர், கோவையிலிருந்து சென்னை போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பெல்வில் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த நண்பர்கள். கார் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த நகரம் அது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் இயந்திர இசையும் அமெரிக்க ஃபங்க் ஆட்ட இசையும் அவர்கள் காதில் ஒன்றாகக் கலந்தன. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு டெக்னோவை விளக்கவே வேண்டாம்: ஒரே தட்டல் மாறாமல் ஓடிக்கொண்டிருக்க, அதற்குள்ளேயே காது வேறு வேறு தாளத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

1988இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்புத்தட்டு ‘டெக்னோ’ என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இரண்டு ஊர்களுக்கும் போக்குவரத்து உண்டு. டெரிக் மே தன் 909 மெஷினை விற்றது ஃபிராங்கி நக்கிள்ஸுக்குத்தான்.

ஆசிட் ஹவுஸை ஓர் இந்தியர் முதலில் செய்துவிட்டார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதியே ஆச்சரியமானது.

ஆசிட் சத்தம் என்பது ரோலண்ட் டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டியிலிருந்து வருவது. கிடார் வாசிக்கிறவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல் பயிற்சி செய்யும்போது பேஸ் (கனத்த கீழ்ச்சுர) கிடார் போல வாசித்துக்கொடுக்கத்தான் அதைச் செய்தார்கள். நிஜ பேஸ் கிடார் போல அது ஒலிக்கவே இல்லை. விற்பனை படுத்து, 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன் மேல்வரிசையில் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கும். சுரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியின் கூர்மையை மாற்றும் கட்-ஆஃப் திருகையும் ரெசனன்ஸ் திருகையும் சேர்த்துத் திருப்பினால், அடங்கிக் கிடந்த சத்தம் வழுக்கி, கீச்சிட்டு, நீர்க்குமிழி போல உடைந்து மேலே வரும். சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர் அந்தத் திருகலையே பாட்டாக்கி 1987இல் தட்டாக வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற வகை அதிலிருந்து தொடங்குகிறது.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1982இல், பம்பாயில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், இதே 303, 808 மெஷின்களையும் ஜூபிடர்-8 சிந்தசைசரையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு போட்டார். 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக முடியும், அதனால் ராகத்தின் கமகத்துக்கு அது ஓரளவு ஒத்துழைத்தது. அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் வியந்தது. சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டுச் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரே பெட்டி இரண்டு ஊரிலும் தனித்தனியே ஒரே வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. அவர் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக ஆசைப்படுகிறேன்.

கோவா டிரான்ஸ் நிஜமாகவே கோவாவில் பிறந்ததா?

ஆமாம். அஞ்சுனா கடற்கரையில் 1960களின் கடைசியிலிருந்தே வெளிநாட்டு ஹிப்பிகள் கூடி ஆடிவந்தார்கள். முதலில் ராக், 1980களில் எலக்ட்ரானிக். இசைத்தட்டு அந்த வெயிலுக்கும் மணலுக்கும் தாங்காது என்பதால் கேசட்டிலும் டாட் (டிஜிட்டல் ஆடியோ) டேப்பிலும் பாட்டுப் போட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அது தனி வகையாகத் திரண்டது, பிறகு சைடிரான்ஸ் ஆனது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் வளர்ந்த டிரான்ஸ் இதன் பங்காளி.

டிரம் அண்ட் பேஸில் டிரம் ஏன் அப்படி உருண்டு ஓடுகிறது?

அது பெரும்பாலும் ஒரே மனிதர் வாசித்த டிரம் என்று சொன்னால் நம்புவீர்களா?

1969இல் வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டின் நடுவில், மற்ற கருவிகள் எல்லாம் நின்று டிரம் மட்டும் ஒலிக்கும் ஓர் இடம் உண்டு. ஏழு விநாடிதான். வாசித்தவர் கிரிகரி கோல்மன். ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப வாசிக்கும் சாம்ப்ளர் மெஷின் வந்த பிறகு அந்த ஏழு விநாடியை வெட்டி, வேகப்படுத்தி, துண்டு துண்டாக இடம்மாற்றி அடுக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் லண்டனில், கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அதிகம் இருந்த பகுதிகளில், அதன்கீழ் ஜமைக்கா பாணி கனத்த பேஸை வைத்தார்கள். அதுதான் ஜங்கிள். அது கொஞ்சம் திருத்தமானபோது டிரம் அண்ட் பேஸ். 2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் கிராய்டன் பக்கம் அதே பேஸ் மோகம் வேகத்தைக் குறைத்து டப்ஸ்டெப் ஆனது.

ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த டிரம் ஒலிக்கிறது. கோல்மனுக்கு அதற்காக ஒரு காசுகூட வரவில்லை. 2006இல் வீடில்லாதவராக இறந்துபோனார். 2015இல் ரசிகர்கள் சேர்ந்து திரட்டிய 24,000 பவுண்டு, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் மேளக்காரர்களிடம் கடைசி நேரத்தில் கூலியைக் குறைத்துப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோல்மன் ஞாபகம் வந்துவிடும்.

ஹிப்ஹாப் ஆட்ட இசையா, பேச்சு இசையா?

ஆட்டத்தில்தான் ஆரம்பித்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்தில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். டிரம் மட்டும் வரும் இடத்தில்தான் ஜனங்கள் துள்ளுகிறார்கள் என்று கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தை நீட்டினார். ராப் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. தமிழில் அதைப் பரவலாக்கிய ஹிப்ஹாப் தமிழா ஆதி நம் கோவைக்காரர்.

ரெக்கேட்டான், அமாபியானோ?

ரெக்கேட்டான் ஜமைக்காவின் டான்ஸ்ஹால் தாளம், பனாமா வழியாகப் போர்ட்டோ ரிக்கோ போய் ஸ்பானிஷில் பேசியது. அமாபியானோ 2010களில் தென்னாப்பிரிக்காவின் நகர்ப்புறக் குடியிருப்புகளில் வளர்ந்தது. வேகம் 110 சொச்சம்தான். ‘லாக் டிரம்’ என்ற மரத்தைத் தட்டினாற்போன்ற பேஸ் அதன் உயிர். கல்யாண வரவேற்பில் பெரியவர்களும் கால் ஆட்டுகிற வேகம், போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் ஜமாப் மேளம், துடும்பு மேளம், கும்மி எல்லாவற்றையும் இந்த வரிசையில் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆட வைப்பதற்கென்றே உண்டான இசை, தனக்கென்று தாளம், தனக்கென்று கருவி, தனக்கென்று இடம். ஒரு வகைக்கு வேறு என்ன வேண்டும்?

மாரியம்மன் கோயில் பூச்சாட்டி, மூன்று கிளை உள்ள கம்பத்தை நட்டுவிட்டால், கம்பம் இருக்கும் நாள்வரை ராத்திரியில் அதைச் சுற்றி ஆட்டம் நடக்கும். காலையில் பெண்கள் தண்ணீர் ஊற்றும் அதே கம்பம்தான். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பங்குனி மாதம் இதைப் பார்க்கலாம். மேளக்காரர் அடியை மாற்றினால் வட்டம் மொத்தமும் காலை மாற்றும். ஆடுகிறவர்கள் சோர்ந்தால் மேளம் அதைப் பார்த்து இறங்கிவந்து, மறுபடி ஏற்றும். கூட்டத்தைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்குவதுதான் டிஜேவின் மொத்த வித்தையும். அதை நான் முதலில் பார்த்தது கம்பத்தாட்டத்தில்தான்.

பெருஞ்சலங்கை ஆட்டத்தில் காலே கருவி. பெரிய சலங்கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையாக ஒரே நேரத்தில் மிதிக்கும்போது, மேளம் இல்லாவிட்டாலும் தாளம் கேட்கும். துடும்பு, ஜமாப் இரண்டும் ஊர்வலத்துக்கான சத்தம். தெருவின் அந்தக் கோடியில் வரும்போதே நெஞ்சில் வந்து இடிக்கும். சப்-வூஃபர் வைத்து நான் தேடுவதும் அந்த இடியைத்தான்.

வள்ளி கும்மி வள்ளி பிறந்தது முதல் முருகனைக் கல்யாணம் செய்வது வரையிலான கதை. பாட்டு முன்னே போக, கைதட்டலும் அடியும் பின்னே வரும். முன்பு ஆண்களே ஆடிவந்ததில் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தவர் கோவை மாவட்டத்தின் எம். பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அரங்கேற்றம் என்றால் மைதானம் நிறைய ஒரே நிறப் புடவையில் பெண்கள் ஆடுகிறார்கள்.

பறையை எங்கே வைப்பீர்கள்?

முதல் வரிசையில். எங்கள் பக்கம் தப்பு, தப்பட்டை என்றும் சொல்வார்கள். வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்கள். ‘தொப்’ என்று இருந்தது ‘டங்’ என்று கண்டிப்பாக மாறும்வரை எடுக்கமாட்டார்கள். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறுகையில் மெல்லிய நீளக் குச்சி. கனத்த அடியும் சுள்ளென்ற அடியும் ஒரே தோலிலிருந்து வரும். கிக்கும் ஸ்நேரும் இரண்டு வேறு டிரம்மாக இருக்கவேண்டிய அவசியம் இதில் இல்லை.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். சாவு வீட்டுக்கு அடிப்பது ஒரு சாதியின் கடமை என்று கட்டாயப்படுத்தி, அடித்தவர்களைத் தள்ளியே நிற்கவைத்த ஊர்கள் இங்கே உண்டு. டிஸ்கோவை ஆடியவர்கள்மீது சிகாகோவில் காட்டிய வெறுப்பைப் படித்து வருத்தப்படுகிறவர்கள், இதையும் அதே கண்ணால் பார்க்கவேண்டும். இன்று கோவையில் கல்லூரி மாணவ மாணவிகள் சாதி பாராமல் பறை கற்றுக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கற்றுக்கொடுத்த பரம்பரைக் கலைஞருக்கும் மேடையில் பெயரும் சம்பளமும் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டால் சந்தோஷம் முழுசாகும்.

கும்மிப் பாட்டுக்கு ஹவுஸ் பீட் போட்டால் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?

ரீமிக்ஸ் செய்கிற பசங்க எல்லாரும் கேட்பது இது. வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள், சரியாகாது. கோளாறு வேகத்தில் இல்லை.

கும்மிப் பாட்டுகள் பெரும்பாலும் திஸ்ரத்தில் நடப்பவை. ஒவ்வொரு அடியும் ‘தகிட’ என்று மூன்றாக உடையும். ஹவுஸில் ஒவ்வொரு அடியும் ‘தகதிமி’ என்று நாலாக உடைகிறது. கிக் இரண்டுக்கும் ஒத்துப்போகும், ஏனென்றால் அது அடியின் தலையில் மட்டும் விழுகிறது. மோதுவது நடுவில் இருக்கும் ஹை-ஹாட்டும் ஷேக்கரும்தான். அதனால் திரும்பத் திரும்ப ஓடும் ரெடிமேட் லூப்பை வைக்காதீர்கள். கிக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஹை-ஹாட்டை மூன்றாகப் பிரித்து நீங்களே போடுங்கள். பேஸ் சுரத்தையும் ‘தகிட’வின் கடைசி எழுத்தில் வையுங்கள். உடனே நடை வந்துவிடும்.

இன்னொன்று. கும்மியும் ஒயிலாட்டமும் மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக வேகம் பிடிப்பவை. மெஷின் 120 என்றால் கடைசிவரை 120தான். நேரில் பதிவு செய்த பாட்டை அந்த ஒரே வேகத்துக்குள் அடைத்தால் அதன் குணமே போய்விடும். பாட்டை நாலைந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேகத்தை ஏற்றி டெம்போ டிராக் போடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் ஆத்தாக்கள்கூட எழுந்து ஆடுவார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு ஏன் செட்டை நிறுத்தச் சொல்கிறார்கள்?

2000இல் வந்த ஒலி மாசு விதிகள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. எங்களிடம் கோபித்துக்கொள்ளாமல் நிகழ்ச்சியை ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள்.

கேட்டுப் பழக எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரு நோம்பியில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று, பாட்டைக் கவனிக்காமல் அடியை மட்டும் எண்ணிப் பழகுங்கள். அப்புறம் மொரோடரின் 1977 டிஸ்கோ, ஃபிராங்கி நக்கிள்ஸின் ஹவுஸ், ஹுவான் அட்கின்ஸின் டெக்னோ, சரண்ஜித் சிங்கின் ராகத்தட்டு, கடைசியாக லண்டன் ஜங்கிள் என்று இதே வரிசையில் கேட்டால் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது காதுக்கே தெரியும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், அதில் பேஸ் வரவே வராது. சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும்.